கன்ட்ரி இசையில் ஸ்டீல் கிட்டார் கலைஞராவது எப்படி? கருவி வாங்குவதிலிருந்து ஸ்டுடியோ வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்விட்ட இசையான கன்ட்ரியின் பாட்டுகளில் பாடகர் ஒரு வரியை முடித்ததும், அந்த இடைவெளியில் விம்மிக்கொண்டே மேலேறும் ஒரு நாதம் கேட்கும். அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார். அதை வாசிப்பவர் பெயர் சுவரொட்டியில் இருக்காது. மேடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, பெரும்பாலும் குனிந்த தலையோடு வாசித்துக்கொண்டிருப்பார். ஆனால் கன்ட்ரி இசையின் தலைநகரமான அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் இந்த ஒரு வாத்தியத்தை வைத்தே வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு.

இது பக்கவாத்தியக்காரரின் பிழைப்பு. எத்தனை வேகமாக வாசிக்கிறீர்கள் என்பதற்காக யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். பாட்டை நிமிர்த்திக் காட்டுகிறீர்களா, பாடுகிறவர் வாயைத் திறந்ததும் ஒதுங்கிக்கொள்கிறீர்களா என்பதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதைச் சுற்றித்தான் போகிறது.

படி 1: எந்த ஸ்டீல் என்று முடிவு செய்யுங்கள்

ஸ்டீல் கிட்டாரின் பிறப்பிடம் ஹவாய். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெக்குக்கு என்ற ஹவாய் இளைஞர், கிட்டாரை மடியில் படுக்கவைத்து, தந்திகளின் மேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1915இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை மோகம் அமெரிக்கா முழுக்கப் பரவியது. கன்ட்ரி இசைக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊர்ச் சித்திரவீணையைக் கேட்டவர்களுக்கு இந்த வழுக்கல் நாதம் புதிதாக இருக்காது.

இன்று கன்ட்ரியில் மூன்று வகை புழங்குகின்றன. ஒன்று, டோப்ரோ. உள்ளே உலோகக் கூம்பு வைத்த, மின்சாரம் தேவைப்படாத கிட்டார். மின்கருவிகள் இல்லாமல் வாசிக்கும் கன்ட்ரி வகையான புளூகிராஸில் இதற்குத் தனி இடம். இரண்டு, லாப் ஸ்டீல். மடியில் வைத்து வாசிக்கும் மின்கருவி. கன்ட்ரிப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் பாட்டுகளில் டான் ஹெல்ம்ஸ் வாசித்தது பெடல் இல்லாத ஸ்டீல்தான். மூன்றாவது பெடல் ஸ்டீல். நான்கு கால்களில் நிற்கும். கீழே பெடல்கள், முழங்காலுக்கு லீவர்கள்.

திருப்புமுனை 1954இல் வெளிவந்த பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டு. அதில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு சுரம் அசையாமல் நிற்க, பக்கத்துச் சுரம் மட்டும் நழுவி மேலே போனது. இரும்புத் துண்டை நகர்த்தினால் எல்லாத் தந்தியும் சேர்ந்துதானே நகரும்? இது வேறு மாதிரி இருந்தது. அந்த ஒலியைத் தேடி நாடெங்கும் ஸ்டீல் கலைஞர்கள் தங்கள் கருவிகளில் பெடல் பொருத்த ஆரம்பித்தார்கள். அப்புறம் பட்டி எம்மன்ஸ், ஜிம்மி டே போன்றவர்கள் பெடல்களின் வேலையைப் பிரித்து, மாற்றி, இன்றைய அமைப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

வேலைதான் குறி என்றால் பெடல் ஸ்டீலில் தொடங்குங்கள். டோப்ரோவையும் லாப் ஸ்டீலையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அவையும் சோறு போடும், ஆனால் துணைக்குத்தான்.

படி 2: கருவி வாங்குதல்

ஒற்றைக் கழுத்து, 10 தந்தி, ஈ9 சுருதியமைப்பு (ஈ சுரத்தை ஆதாரமாக வைத்துத் தந்திகளைச் சேர்க்கும் முறை), 3 பெடல், 4 முழங்கால் லீவர். முதல் கருவிக்கு இதுவே போதும், இதற்குக் குறைவாகவும் வேண்டாம். ஒரே ஒரு லீவரோடு வரும் பழைய மாணவர் மாடல்கள் மலிவாகக் கிடைக்கும். ஆறு மாதத்தில் அவற்றின் எல்லை தெரிந்துவிடும்.

இரட்டைக் கழுத்துக் கருவிகளில் இரண்டாவது கழுத்து சி6 அமைப்பில் இருக்கும். வெஸ்டர்ன் ஸ்விங் (ஜாஸ் கலந்த கன்ட்ரி நடன இசை), ஜாஸ் வாசிக்க அது அருமை. டெக்சாஸ் நடன அரங்குகளில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் சி6 கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பெட்டியோடு சேர்த்தால் அந்தக் கருவி 30 கிலோவைத் தாண்டிவிடும். முதல் நாளே அந்தச் சுமை வேண்டாம்.

பெயர்கள் தெரிந்திருக்கட்டும்: எம்மன்ஸ், ஷோ-பட், எம்.எஸ்.ஏ., மல்லன், ஜி.எஃப்.ஐ., தொடக்கக்காரர்களுக்கென்றே செய்யப்படும் ஸ்டேஜ் ஒன். ஷோ-பட் கம்பெனியை எம்மன்ஸும் ஷாட் ஜாக்சனும் சேர்ந்து தொடங்கினார்கள். பிறகு 1960களில் எம்மன்ஸ் தன் பெயரிலேயே தனிக் கம்பெனி வந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டார். புதிய தொழில்முறைக் கருவி சில ஆயிரம் டாலர் ஆகும். கடை அலமாரியில் பெரும்பாலும் இருக்காது. சொல்லி வைத்து, செய்து வரும்வரை காத்திருக்க வேண்டும். எனவே பழைய கருவி வாங்குவதே பலர் வழி. அப்படி வாங்கும்போது, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். கருவியைக் கவிழ்த்து, கம்பிகளும் இணைப்புகளும் துருப்பிடித்திருக்கிறதா, பெடலை விட்டதும் தந்தி பழைய சுரத்துக்குச் சரியாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கூடவே வேண்டியவை: தந்திகளின் மேல் நகர்த்த, ஒரு முனை உருண்டையான எஃகு பார், மீட்டுவதற்குக் கட்டை விரலில் மாட்டும் பிளாஸ்டிக் பிக், இரண்டு விரல்களுக்கு உலோக பிக், வால்யூம் பெடல், நல்ல டியூனர். ஆம்பிளிஃபையர் சுத்தமான ஒலி தர வேண்டும்; பீவி நாஷ்வில் வரிசையையும் ஃபெண்டர் ட்வின் ரிவெர்பையும் ஸ்டீல் கலைஞர்கள் விரும்புவது அதனால்தான்.

படி 3: சுருதி சேர்த்தல்

மற்ற வாத்தியங்களில் இது ஒரு நிமிட வேலை. இங்கே இதுவே பாதி வித்தை.

ஈ9 அமைப்பில் தந்திகள், முதலாவதிலிருந்து பத்தாவது வரை: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. முதல் இரண்டு தந்தியும் மூன்றாவதை விடத் தாழ்ந்த சுரங்கள். புதிதாக வருபவர்கள் இதில் குழம்புவார்கள். விரல் பழகியபின் அந்த இரண்டு தந்திதான் வேகமான சுர ஓட்டங்களுக்குக் கை கொடுக்கும்.

இன்றைய கருவிகளில், எந்தப் பெடலையும் தொடாமல் தந்திகளை முதலில் முறுக்காணிகளில் சரிசெய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு பெடலாக மிதித்து, வலது ஓரத்தில் இருக்கும் நைலான் திருகுகளை அதற்கான சின்னச் சாவியால் திருகி, ஏறிய சுரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

டியூனரில் எல்லா முள்ளும் நடுவில் நின்றால் வேலை முடிந்துவிடவில்லை. ஜி ஷார்ப் தந்திகளை அப்படிச் சேர்த்து ஈ, பி இரண்டோடும் மீட்டிப் பாருங்கள். நாதத்தில் ஓர் அலை அடிக்கும். ஜி ஷார்ப்பைக் கொஞ்சம் இறக்கினால் அலை அடங்கும். பியானோ சுருதியிலிருந்து சுமார் 14 சென்ட் (அரைச் சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே அது முழுக்க நின்றுபோகும். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் இருக்கிறதே, அதே இடம்தான். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் பியானோவோடும் மற்ற கிட்டார்களோடும் சேர்ந்து வாசிக்க வேண்டியிருப்பதால், பலர் இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் சமரசம் செய்துகொள்கிறார்கள்.

இன்னொரு தொல்லை: இரண்டு பெடல்களைச் சேர்த்து மிதிக்கும்போது கருவியின் உடலே மிக நுண்ணிய அளவில் வளையும், தொடாத தந்திகளும் சற்று இறங்கும். அதையும் கணக்கில் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். சுருதி சரியில்லாத ஸ்டீல் ஒரு பாட்டையே நாசமாக்கிவிடும். தயாரிப்பாளர்கள் தப்பு சுரத்தைக்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள்.

படி 4: இரண்டு கை, இரண்டு கால், இரண்டு முழங்கால்

இடது கை பாரை நகர்த்தும். வலது கை மீட்டும். இடது கால் பெடல்களை மிதிக்கும். வலது கால் வால்யூம் பெடலில். இரண்டு முழங்காலும் லீவர்களைப் பக்கவாட்டில் தள்ளும். எல்லாம் ஒரே சமயத்தில்.

முதல் பாடமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். பாரை 3ஆம் கட்டத்து (ஃபிரெட்) கோட்டின் நேர் மேலே வையுங்கள். கோடுகளுக்கு நடுவில் அல்ல. 3, 4, 5 தந்திகளை மீட்டினால் ஜி மேஜர் கோர்டு, அதாவது ஜி சுரத்தை ஆதாரமாகக் கொண்டு சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு. இப்போது ஏ பெடலையும் பி பெடலையும் சேர்த்து மிதியுங்கள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இவை பெடல்களின் பெயர்கள். ஏ பெடல் பி தந்திகளை சி ஷார்ப் ஆக்கும். பி பெடல் ஜி ஷார்ப் தந்திகளை ஏ ஆக்கும். பார் அதே இடத்தில் இருக்க, ஜி மேஜர் சி மேஜராக மாறியிருக்கும். முதல் சுரத்தின் கோர்டிலிருந்து நான்காவது சுரத்தின் கோர்டுக்கு, அதாவது ஒன்றிலிருந்து நான்கு, ஏராளமான கன்ட்ரி பாட்டுகளின் முதுகெலும்பே இந்த நகர்வுதான்.

அதே ஜி மேஜர் இன்னும் இரண்டு இடங்களில் கிடைக்கும். 6ஆம் கட்டத்தில் ஏ பெடலோடு ஈ தந்திகளை எஃப் ஆக ஏற்றும் லீவரைச் சேர்த்தால் ஒன்று. 10ஆம் கட்டத்தில் ஏ, பி பெடல்கள் இரண்டையும் மிதித்தால் இன்னொன்று. இந்த மூன்று இடங்களுக்கும் நடுவே மெதுவாக, பார் நகரும்போதே பெடலையும் லீவரையும் மாற்றிக்கொண்டு போய் வாருங்கள். வாரக்கணக்கில் இதையே செய்யுங்கள். எல்லா மேஜர் கோர்டுக்கும் இதே மூன்று இடங்கள்தான், கட்டம் மட்டும் மாறும்.

அடுத்தது, நாதத்தை நிறுத்தப் பழகுவது. பத்துத் தந்திகளும் விட்டால் ஒலித்துக்கொண்டே இருக்கும். மீட்டிய கணமே உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை அடக்குவது ஒரு வழி. அடுத்து மீட்டப்போகும் விரல் பிக்காலேயே அடக்குவது இன்னொன்று. மெதுவான பாட்டுக்கு முதலாவது, வேகத்துக்கு இரண்டாவது என்று பலரும் இரண்டையும் கலந்து வைத்திருப்பார்கள். இதில் குறுக்குவழி ஏதும் இல்லை.

வால்யூம் பெடலில் பெரும்பாலான தொடக்கக்காரர்கள் ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே மேலே என்று மிதிப்பார்கள். கேட்பவருக்குக் கடல் சீக்கு வரும். பெடலை ஏறக்குறைய பாதியில் வைத்து மீட்டுங்கள். நாதம் தேயத் தேயக் காலை மெல்ல அழுத்துங்கள். சுரம் தேயாமல் நிற்பது போலக் காதுக்குத் தோன்ற வேண்டும். கால் அசைவதே தெரியக்கூடாது.

பெடல் வரிசையிலும் இரண்டு மரபு உண்டு. இடமிருந்து ஏ, பி, சி என்றால் எம்மன்ஸ் அமைப்பு. தலைகீழாக இருந்தால் டே அமைப்பு. ஏதாவது ஒன்றில் நின்றுவிடுங்கள்.

படி 5: கேட்டுப் படியுங்கள்

குறிப்பெழுதிய பாடங்கள் உதவும். ஆனால் இந்த வாத்தியத்தின் பாஷை ஒலிப்பதிவுகளில்தான் இருக்கிறது. பக் ஓவன்ஸின் 1964ஆம் ஆண்டு ‘டுகெதர் அகெய்ன்’ பாட்டில் டாம் பிரம்லி வாசித்த துணுக்கைச் சுரம் சுரமாக எடுங்கள். வின்ஸ் கில்லின் ‘லுக் அட் அஸ்’ தொடக்கத்தில் ஜான் ஹியூயி மேல் கட்டங்களில் எப்படிப் போகிறார் என்று பாருங்கள். டாமி வைனெட்டின் ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ பாட்டில் பீட் டிரேக்கின் ஸ்டீலும் கட்டாயம். சுரங்களை எடுத்தபின், அவர்கள் எங்கே வாசிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் நீளமாக இருக்கும்.

நாஷ்வில் எண் முறையும் அவசியம். ஜார்டனேர்ஸ் என்ற பின்பாட்டுக் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களின் இறுதியில் தொடங்கிவைத்தது. சார்லி மெக்காய் போன்ற ஸ்டுடியோ கலைஞர்கள் அதைப் பரப்பினார்கள். கோர்டுகளைப் பெயரால் எழுதாமல் 1, 4, 5 என்று எண்ணால் எழுதுவார்கள். பாடகர் “இன்றைக்குத் தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்குங்கள்” என்றால் காகிதத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. சரிகம தெரிந்தவர்களுக்கு இது கடினமே அல்ல. ஆதார சட்ஜம் எங்கே இருந்தாலும் பஞ்சமம் பஞ்சமம்தான்.

படி 6: பாட்டுக்குப் பின்னால் வாசிப்பது

ஊரில் கலைஞர்கள் ஒத்திகையின்றிக் கூடி வாசிக்கும் ஜாம்களுக்குப் போங்கள், சின்ன இசைக்குழுவில் சேருங்கள். தனியாக அறையில் வாசிப்பவர்களுக்குப் பாடகரோடு வாசிக்கத் தெரியாது.

சில மரபுகள் எழுதப்படாதவை, ஆனால் எல்லோரும் மதிப்பவை. பாடகர் பாடும்போது அவருடைய சுரத்தின் உயரத்தில் நீங்கள் ஓடக்கூடாது. அடியில் நீண்ட கோர்டு பிடிக்கலாம், அல்லது சும்மா இருக்கலாம். வரி முடிந்து மூச்சு விடும் இடத்தில்தான் உங்கள் துணுக்கு. பிடிலும் இருந்தால் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்: முதல் சரணம் அவருக்கு, இரண்டாவது உங்களுக்கு, அல்லது நேர்மாறாக. எலெக்ட்ரிக் கிட்டார்காரர் கண்ணால் சைகை காட்டினால் விட்டுக்கொடுங்கள். உங்கள் துணுக்கு அடுத்த வரியின் முதல் சொல்லுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அந்தச் சொல்லின் மேல் ஏறி உட்காருகிறவரை இரண்டாவது முறை கூப்பிட மாட்டார்கள்.

பாட்டின் சொற்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். விட்டுப்போன மனைவியைப் பற்றிய வரிக்குப் பின்னால் குதித்து விளையாடும் துணுக்கு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் எடுபடாது. ஸ்டீல் கலைஞர் லாயிட் கிரீனின் பதிவுகளைக் கேட்டால் இது புரியும். ஒரே ஒரு சுரத்தை ஏற்றி இறக்கி அவர் வேலையை முடித்துவிடுவார்.

படி 7: நாஷ்வில், பிராட்வே

ஓரளவு பிடிபட்டதும் பலர் நாஷ்வில்லுக்கு இடம் மாறுவார்கள். எம்மன்ஸ் 1955இல், 18 வயதில், பாடகர் லிட்டில் ஜிம்மி டிக்கென்ஸின் குழுவில் சேர அங்கே போனார். இன்று வாசல் பெரும்பாலும் லோயர் பிராட்வே தெருவின் மதுக்கூடங்கள். ஒரு ஷிஃப்ட் ஏறக்குறைய நான்கு மணி நேரம். காலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் குழுக்கள் மாறி மாறி வாசிக்கும். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான், மீதி டிப்ஸ் ஜாடியில் விழுவது. பழைய பாணிக் கன்ட்ரிக்கு ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் பேர்போனது. அங்கே ஸ்டீல் இல்லாத மேடை அபூர்வம். நவீன ஹிட் பாட்டுகள் வாசிக்கும் கூடங்களில் ஸ்டீலுக்குத் தேவை குறைவு.

பாட்டுகள் ஒத்திகை இல்லாமல் வரும். கூட்டத்தில் ஒருவர் டாலர் நோட்டை நீட்டி ஒரு பாட்டுப் பெயரைச் சொல்வார், பாடகர் விரலால் சுருதி காட்டுவார், டிரம்மர் எண்ணத் தொடங்கிவிடுவார். நூற்றுக்கணக்கான பாட்டுகளின் தொடக்கத் துணுக்கு தலையில் இருக்க வேண்டும். நேரத்துக்கு வருவது, குடித்துவிட்டு வாசிக்காமல் இருப்பது, சக கலைஞர்களிடம் முகம் சுளிக்காமல் பழகுவது ஆகியவை சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் வேலை போவது பெரும்பாலும் இவற்றால்தான்.

பையில் எப்போதும் 3ஆம் தந்தி நாலைந்து இருக்கட்டும். 0.011 அங்குலம் தடிமன் உள்ள மெல்லிய தந்தி. பி பெடலை மிதிக்கும்போதெல்லாம் மேலும் இறுகுவதால் முதலில் அறுவது அதுதான், அதுவும் பெரும்பாலும் பாட்டின் நடுவில்.

படி 8: சுற்றுப்பயணம்

பெயர் பெற்ற பாடகரின் குழுவில் இடம் கிடைத்தால் வருமானம் ஓரளவு நிலையாகும். நாஷ்வில் குழுக்கள் பல வார இறுதிகளில்தான் வெளியூர் போகும்: இரவில் பஸ் ஏறி, மூன்று நான்கு ஊர்கள் வாசித்து, ஞாயிறு அல்லது திங்களில் திரும்புவது. ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று சம்பளம், அதன் மேல் தினப்படி. நிகழ்ச்சி இல்லாத மாதங்களில் ஏதாவது கிடைக்குமா, ஒத்திகைக்குப் பணம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

இப்போது பல குழுக்களில் ஸ்டீலுக்கு மட்டும் என்று ஆள் எடுப்பதில்லை. ‘யூட்டிலிட்டி’ என்று ஒரு பதவி: ஸ்டீல், டோப்ரோ, மாண்டலின், பாஞ்சோ, அக்கூஸ்டிக் கிட்டார், பின்பாட்டு எல்லாம் ஒருவரே. ஸ்டீலை மட்டும் நம்பியிருப்பவருக்கு இது கசக்கும். என்ன செய்வது, சந்தை அப்படி. இரண்டு துணைக் கருவிகளையாவது மேடையில் வாசிக்கும் அளவுக்குக் கற்றுவைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: ஸ்டுடியோ

மரியாதையும் பணமும் சேர்ந்து வரும் இடம் இது. வாசல் குறுகியது. பால் ஃபிராங்க்ளின், டேன் டக்மோர் போன்ற சிலரே பல பத்தாண்டுகளாகப் பெரும்பான்மை வேலையைச் செய்துவருகிறார்கள். விண்ணப்பம் போட்டு உள்ளே போக முடியாது. பாடலாசிரியர்களின் மாதிரிப் பதிவுகளில் வாசித்து, அதைக் கேட்ட ஒருவர் இன்னொருவரிடம் சொல்லித்தான் பெயர் பரவும்.

ஒரு செஷன் மூன்று மணி நேரம். காலை 10, மதியம் 2, மாலை 6 என்பது மரபான நேரங்கள். மாதிரிப் பதிவு என்றால் அதற்குள் ஐந்து பாட்டுகூட முடிப்பார்கள். பாட்டை ஒருமுறை போட்டுக் காட்டுவார்கள், எண் முறைத் தாள் கையில் வரும், சிவப்பு விளக்கு எரியும். தொடக்கத் துணுக்கை அந்த இடைவெளியில் கற்பனை செய்தாக வேண்டும். மூன்று விதமாக வாசித்துக் காட்டத் தயாராக இருங்கள். தயாரிப்பாளர் நிராகரித்த நல்ல யோசனைக்காக வாதாடாதீர்கள்.

நாஷ்வில் இசைக்கலைஞர் சங்கம், அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனத்தின் 257ஆம் கிளை. சங்க ஒப்பந்தப்படி நடக்கும் செஷனுக்குக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு; செஷன் தலைவருக்கு இரட்டிப்பு; ஓய்வூதியத்துக்கும் பங்கு போகும்; கூடுதல் கருவி வாசித்தால் தனிப் படி. மாதிரிப் பதிவு பிறகு முறையான வெளியீடாக மாறினால் மேற்கொண்டு பணம் வர வேண்டும். ஒப்பந்தமில்லாத ரொக்க வேலையில் இவை எதுவும் கிடைக்காது.

ராயல்ட்டி பற்றிப் பலருக்கும் தவறான கற்பனை இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாட்டு ஒலித்தால் வாசித்தவருக்கு ஒரு காசும் வராது. இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி வசூலில் 5 சதவீதம் பக்கக் கலைஞர்களுக்கு. அதில் பாதி வாத்தியக்காரர்களுக்கு, பாதி பின்பாட்டுக்காரர்களுக்கு. அதற்கென ஒரு நிதியம் இருக்கிறது, அங்கே பெயரைப் பதிந்து வையுங்கள்.

படி 10: வீட்டிலிருந்தே வேலை

நாஷ்வில்லுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதுவே நடைமுறையான வழி. ஸ்டீல் கலைஞர்கள் குறைவு என்பதால் உலகெங்கும் இருந்து பாட்டுக் கோப்புகளை அனுப்பி வாசித்துக் கேட்கிறார்கள். நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ், சத்தமில்லாத அறை, நேரம் தவறாமை போதும். எஃபெக்ட் இல்லாத ட்ராக் ஒன்று, உங்கள் விருப்பப்படி ரிவெர்ப், டிலே சேர்த்தது ஒன்று என்று இரண்டாக அனுப்புங்கள். இரண்டும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கட்டும். கலவை செய்பவர் இழுத்துப் போட்டதும் தானாகப் பொருந்தும். எத்தனை முறை திருத்தம் இலவசம் என்பதைப் பணம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு வருமானம் ஒரே குழாயில் வராது. வார இறுதியில் மேடை, வாரநாட்களில் மாணவர்கள், இடையில் வீட்டுப் பதிவு. கருவியைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்குப் பழுதுபார்க்கும் வேலையும் தேடி வரும், ஏனென்றால் சாதாரண கிட்டார் கடைக்காரர்கள் இதன் அடிவயிற்றைத் தொடப் பயப்படுவார்கள். முதல் சில வருடங்களுக்கு வேறொரு வேலையைக் கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். காது அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், கருவியைத் தூக்கச் சக்கர வண்டி வாங்குங்கள். இந்தத் தொழிலில் முதுகும் காதும்தான் முதலில் கைவிடும்.

அமெரிக்கர் அல்லாதவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். சுற்றுலா விசாவில் போய்ப் பிராட்வேயில் டிப்ஸுக்கு வாசிப்பதும் வேலையாகவே கருதப்படும். கலைஞர்களுக்கான ஓ, பி வகை விசாக்களுக்கு ஒலிப்பதிவுகள், பத்திரிகைச் செய்திகள், அங்கிருந்து அழைப்பவரின் மனு எல்லாம் வேண்டும். வீட்டிலிருந்து வாசித்த ஒவ்வொரு பதிவுக்கும் உங்கள் பெயர் அச்சாகும்படி கேட்டு வாங்குங்கள்; பின்னால் விசா விண்ணப்பத்தில் வைக்க அதுதான் கையில் இருக்கும்.